பாதத்துக்கும் சாலைக்கும் நடுவே

இரு சக்கர வாகனப் பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட் நினைவுக்கு வருகிறது. உயிரைப் பறிக்கும் காயங்களில் தலைக்காயம் முன்னே நிற்பதால் அந்த நினைவு சரிதான். ஆனால் உடலில் எங்கே அதிகம் அடிபடுகிறது என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு காலில் வந்து நிற்கிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த 921 விபத்துகளை ஆராய்ந்த ‘மெய்ட்ஸ்’ ஆய்வில், பதிவான காயங்களில் 31.8 சதவீதம் கால்களில் ஏற்பட்டவை. கைகளில் 23.9 சதவீதம், தலையில் 18.7 சதவீதம்.

காரணம் பைக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. காரில் உட்கார்ந்திருப்பவரின் காலைச் சுற்றித் தகடும் எஃகும் இருக்கின்றன. பைக்கில் கால் வெளியே இருக்கிறது. பக்கவாட்டில் உரசும் வண்டியின் பம்பர் முதலில் தொடுவது அதைத்தான். வண்டி சாய்ந்தால் ஊன்றுவது கால். ஊன்றியும் நிற்காவிட்டால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்வதும் கால். நம் ஊர்களில் அந்தக் கால் பெரும்பாலும் செருப்போடுதான் வண்டியில் ஏறுகிறது.

பைக் ஓட்டுவதற்கான பூட்ஸில் மூன்று கேள்விகள் உண்டு. எது காக்கும்? எது நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் உறுத்தாது? எது பல ஆண்டுகள் உழைக்கும்? கடைக்காரரிடம் கேட்டால் மூன்றுக்கும் விலைப்பட்டியலைக் காட்டுவார். அறிவியலிடம் கேட்டால் உடற்கூறியலும் இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. அந்தப் பதில்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்கின்றன: காலில் இருக்கும் பூட்ஸ் மட்டுமே காக்கும், ஆகவே உறுத்தாமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

காக்க வேண்டியது என்ன?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உடலின் 206 எலும்புகளில் 52, அதாவது கால் பங்கு, இரண்டு பாதங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. நடக்கும்போது வளைந்தும் விறைத்தும் நம் எடையைத் தாங்குவதற்காக உருவான நுட்பமான அமைப்பு இது. மேலிருந்து கீழாக வரும் சுமைக்கு இது நன்றாகத் தயாராக இருக்கிறது. குதிகாலுக்கு அடியில் கொழுப்புத் திண்டு உண்டு. உள்ளங்காலின் தோல் தடித்தது. பக்கவாட்டில் வரும் சுமைக்கோ இந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

கணுக்காலின் இரு புறமும் புடைத்திருக்கும் மூட்டெலும்பை விரலால் தொட்டுப் பாருங்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசையே இல்லை. சாலையில் உரசினால் தோல் போனதும் அடுத்து எலும்புதான். கணுக்கால் உட்புறமாக மடங்கினால் முதலில் கிழிவது வெளிப்புறத் தசைநார். நடக்கும்போது கால் பிசகினாலே வாரக்கணக்கில் நொண்ட வைக்கும் அந்த நார், வண்டியின் வேகத்தையும் எடையையும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னும் ஆழத்தில் இருப்பது டாலஸ் என்னும் எலும்பு. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புகளைப் பாதத்தோடு இணைப்பது இதுதான். இதன் மேற்பரப்பில் பெரும்பகுதி வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டது. எந்தத் தசையும் இதில் ஒட்டியில்லை. அதனால் இரத்தம் வந்து சேரும் வழிகள் குறைவு. முறிந்தால் இரத்தம் கிடைக்காமல் எலும்பின் ஒரு பகுதியே செத்துப்போகும் ஆபத்து உண்டு. விமானங்கள் தரையில் மோதும்போது பாதத்தை வைத்திருந்த சுக்கான் கம்பி மேல்நோக்கி அழுத்தியதால், முதல் உலகப் போர்க்கால விமானிகளுக்கு இந்த எலும்பு முறிந்தது. 1919-இல் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் அப்படிப்பட்ட 18 பேரைப் பற்றி எழுதி, அந்தக் காயத்துக்கு விமானிகளின் பெயரையே வைத்தார். பைக்கின் ஃபுட்ரெஸ்ட் மீது பாதத்தை வைத்தபடி எதிலாவது மோதுகிறவருக்கும் அதே எலும்பில்தான் அதே விசை வந்து இறங்குகிறது.

விழுந்து நிற்கும்வரை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விழுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 16.7 மீட்டர். உடலுக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் சுமார் 0.7 என்று கொண்டால், எதிலும் மோதாமல் சறுக்கிக்கொண்டே போய் நிற்பதற்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஆகும்; நேரம் 2.4 நொடி. வேகம் பாதியானால் நேரமும் பாதி. தூரமோ கால் பங்கு.

இந்த இரண்டு மூன்று நொடிக்குள் காலுக்கு நான்கு விதமான தாக்குதல்கள் வருகின்றன. முதலாவது தேய்ப்பு: சரளைக்கல் தாரில் பதிந்த சாலை ஒரு அரம். இரண்டாவது வெட்டு: உடைந்த கண்ணாடி, தகட்டு விளிம்பு, வண்டியின் சொந்தப் பாகங்கள். மூன்றாவது நசுக்கல்: வண்டிக்கும் சாலைக்கும் நடுவே பாதம் அகப்படுவது. நான்காவது திருகல்: ஓரிடத்தில் மாட்டிய பாதத்தைச் சுற்றி உடல் புரள்வது.

சாதாரண ஓட்டக் காலணி இந்த நான்கில் ஒன்றுக்குமே செய்யப்பட்டதல்ல. அதன் மேற்பகுதி மெல்லிய செயற்கை வலை. பாலியெஸ்டர் இழை சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். வேகமாகச் சறுக்கும்போது உராய்வு வெப்பம் அந்த அளவை எட்டி இழையை உருக்கித் துளையிட்டுவிடும். செருப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வண்டி சாயும் முதல் கணத்திலேயே அது காலை விட்டுப் போய்விடுகிறது.

நான்கு எண்கள்

காலணி எத்தனை நொடி தாங்கும் என்பதை ஆய்வகத்திலேயே அளக்க வழி செய்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோடரிக் வுட்ஸ். ஓடிக்கொண்டிருக்கும் உப்புத்தாள் பட்டையின் மீது தோல் துண்டை விழச் செய்து, அது ஓட்டையாகும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் எந்திரம் அவருடைய ஆய்விலிருந்து வந்தது. பட்டையின் வேகம் நொடிக்கு 8 மீட்டர்.

பைக் ஓட்டுவோருக்கான காலணிக்கு ஐரோப்பா வகுத்த இ.என். 13634 என்னும் தரநிலையில் இந்தச் சோதனையும் ஒன்று. கணுக்கால் போல அடிபட வாய்ப்பு அதிகமுள்ள பகுதி, முதல் நிலைக்கு 5 நொடியும் அதைவிட உயர்ந்த இரண்டாம் நிலைக்கு 12 நொடியும் தாங்க வேண்டும். வாய்ப்புக் குறைந்த பகுதிக்கு 1.5 நொடியும் 2.5 நொடியும் போதும். எந்திரத்தின் நொடியும் சாலையின் நொடியும் ஒன்றல்ல என்பதை மறக்கக்கூடாது; இரண்டு பூட்ஸை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த எண் உதவும்.

வெட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. கூரிய கத்தியை உயரத்திலிருந்து விழவிட்டு எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். நசுக்கலுக்கான சோதனை, நான் மிக முக்கியமாகக் கருதுவது. பூட்ஸின் அகலமான பகுதியை இரு தகடுகளுக்கு நடுவே வைத்துப் பக்கவாட்டில் அழுத்துவார்கள். குறிப்பிட்ட அளவு நசுங்குவதற்கு முன்பு முதல் நிலைப் பூட்ஸ் 1 கிலோநியூட்டனையும், இரண்டாம் நிலைப் பூட்ஸ் 1.5 கிலோநியூட்டனையும் தாங்க வேண்டும். எடைக் கணக்கில் முறையே 102 கிலோவும் 153 கிலோவும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ என்பதை நினைத்தால், இந்த எண்ணின் அருமை புரியும். சாய்ந்த வண்டியின் எடையைச் சக்கரமும் ஹேண்டில்பாரும் பகிர்ந்துகொண்டாலும், பாதத்தின் மேல் இறங்கும் பங்கே எலும்பை முறிக்கப் போதும். அப்போது பாதத்தின் வடிவம் கெடாமல் நிறுத்துவது பூட்ஸின் விறைப்பான அடிப்பகுதி.

இந்தத் தரநிலையில் தேறிய பூட்ஸின் உட்புறத்தில் பைக் ஓட்டுபவரின் சிறு படமும் அதற்குக் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது தேய்ப்பு, மூன்றாவது வெட்டு, நான்காவது பக்கவாட்டு நசுக்கல். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. கூடவே சில எழுத்துகள் வரலாம்: கணுக்கால் மூட்டில் அடிதாங்கி இருந்தால் ஐ.பி.ஏ., முன்காலில் இருந்தால் ஐ.பி.எஸ்., தண்ணீர் புகாது என்றால் டபிள்யூ.ஆர்., அடிப்பகுதி எண்ணெயைத் தாங்கும் என்றால் எஃப்.ஓ. இந்த ஒரு சீட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டால், விளம்பர வாசகம் எதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பலரும் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். தொழிற்சாலையில் போடும் எஃகு முனை ஷூ போதாதா? அதன் முனை 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. மேலிருந்து விழும் இரும்புத் துண்டுக்கு அது சரியான காப்பு. ஆனால் அந்தக் காப்பு விரல்களோடு முடிகிறது. நடுப்பாதத்துக்கும் கணுக்காலுக்கும் அதில் எதுவும் இல்லை. முனையும் பருத்திருப்பதால் கியர் லிவருக்கு அடியில் நுழையத் தயங்கும். எஃகு முனை விரல்களைத் துண்டித்துவிடும் என்று உலவும் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அதைத் தவிர்க்கச் சொல்லும் காரணம், அது வேறு வேலைக்கான கருவி என்பது மட்டுமே.

விபத்துகள் சொல்லும் சாட்சி

ஆய்வகத்தில் தேறியது சாலையில் பயன்படுகிறதா? லாஸ் ஏஞ்சலீஸில் 900 பைக் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கனமான பூட்ஸ், ஜாக்கெட், கையுறை ஆகியவை சிராய்ப்பையும் கிழிசலையும் தடுக்கவோ குறைக்கவோ செய்கின்றன என்று அதில் எழுதினார்கள். அதே அறிக்கையில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. எஞ்சினுக்கு முன்னே பொருத்தும் கிராஷ் கார்டு பாதத்திலும் கணுக்காலிலும் காயங்களைக் குறைத்தது. ஆனால் அந்த அளவுக்கு முழங்காலிலும் தொடையிலும் காயங்கள் கூடின. காலைக் காக்க வண்டியில் கம்பி கட்டுவதைவிடக் காலிலேயே கவசம் போடுவது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களை லிஸ் டி ரோம் தலைமையிலான குழு ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. அடிதாங்கிகள் பொருத்திய பூட்ஸ் அணிந்திருந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட யோசிக்க வைப்பது அடுத்த முடிவு: பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கும், ஷூ போட்டிருந்தவர்களோடு ஒப்பிடும்போது காயத்தின் வாய்ப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது.

அதே ஆய்வு ஒரு எல்லையையும் காட்டியது. அடிதாங்கிகளால் எலும்பு முறிவு குறைந்ததாக அதில் தெரியவில்லை. பெரிய விசைகளுக்கு முன்னால் தோலும் நுரையும் ஓரளவுக்குத்தான் நிற்கும். பனிச்சறுக்கு வீரர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது: விறைப்பான பூட்ஸ் கணுக்காலைக் காப்பாற்றியது, ஆனால் பூட்ஸின் மேல் விளிம்பில் கீழ்க்கால் எலும்பு முறியும் புதுவகைக் காயம் வந்தது. எனவே, அதிக விறைப்பு எப்போதும் அதிக நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. முன்னும் பின்னும் மடங்கவிட்டு, பக்கவாட்டில் மட்டும் தடுக்கும் பூட்ஸே கணுக்காலின் இயல்பை அறிந்தது.

உறுத்தாமல் இருப்பதன் இயற்பியல்

புதுக் காலணியில் கொப்புளம் வருவது தோல் மேலாகத் தேய்வதால் என்று நினைக்கிறோம். உண்மையில் காலணி தோலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த இழுபறியில் மேல்தோலின் நடு அடுக்கு கிழிந்து, இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரத்தோலுக்கு உராய்வு அதிகம் என்பதால் வியர்த்த காலில் கொப்புளம் சீக்கிரம் வரும். இதற்கு மருந்து இரண்டு: குதிகால் மேலெழாத அளவுக்குச் சரியான பொருத்தம், வியர்வையைத் தோலிலிருந்து விலக்கும் காலுறை. முழுப் பருத்திக் காலுறை நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ கலந்தது நெடும்பயணத்துக்கு நல்லது.

பொருத்தத்தை எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.47 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் 6.67 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவே பொருந்தாது. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, காகிதத்தில் மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்து மில்லிமீட்டரில் அளந்துகொள்வது மேல். அகலத்தையும் அளக்க வேண்டும். இரு பாதங்களும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் வீங்கியிருக்கும் என்பதால், மாலையில் அளப்பது சரியாக இருக்கும்.

அடுத்து, அடிப்பகுதியின் விறைப்பு. 70 கிலோ எடையுள்ளவர் கரடுமுரடான பாதையில் ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நின்று ஓட்டுகிறார். ஒவ்வொரு காலும் 35 கிலோவைத் தாங்குகிறது. ஃபுட்ரெஸ்ட்டின் அகலம் 4 சென்டிமீட்டர், பாதத்தின் அகலம் 8 சென்டிமீட்டர் என்றால் தொடும் பரப்பு 32 சதுர சென்டிமீட்டர்தான். மெல்லிய அடிப்பகுதியில் அந்த முழு எடையும் பாத வளைவின் அந்த ஒரு பட்டையை அழுத்தும். உள்ளே எஃகோ நைலானோ பட்டை வைத்துத் தைத்த விறைப்பான அடிப்பகுதி, அதே எடையைப் பாதம் முழுவதற்கும் பரப்பிக் கொடுத்து அழுத்தத்தைப் பல மடங்கு குறைக்கிறது. நகரத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு இவ்வளவு விறைப்பு தேவையில்லை. இறங்கி நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அது இடைஞ்சல். ஆகவே பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம், எவ்வளவு நேரம் நடக்கிறோம் என்று கணக்கிட வேண்டும்.

கட்டுப்பாடும் காலில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உள்ளங்கால் உணர வேண்டும். கியர் லிவருக்கு அடியில் முனை தடையின்றி நுழைந்து வெளியே வர வேண்டும். லேஸ் தொங்கினால் லிவரிலோ செயினிலோ மாட்டும்; அதனால் ஜிப், பக்கிள், வெல்க்ரோ வைத்தவை அல்லது லேஸை மூடும் மடிப்பு உள்ளவை பாதுகாப்பானவை. வண்டி சாய்ந்தால் வெளிப்புறம்தான் சாலையில் தேயும் என்பதால் ஜிப் உட்புறத்தில் இருப்பது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நரம்பு பாதித்த காலுக்கு உறுத்தல் தெரியாது. சின்னக் கொப்புளம் ஆறாப் புண்ணாகிவிடும். பூட்ஸைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். புது பூட்ஸை முதல் நாளே நெடும்பயணத்துக்குப் போட வேண்டாம்.

வியர்வையும் மழையும்

இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மூடிய பூட்ஸுக்குள் அந்த ஈரம் எங்கே போகும்? 1969-இல் பாப் கோர், டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைகள் நிறைந்த ஏடாக்கும் வழியைக் கண்டார். நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியதும், நீராவி மூலக்கூறு தாராளமாக வெளியேறும் அளவுக்குப் பெரியதுமான துளைகள் அவை. கோர்-டெக்ஸ் என்ற பெயரில் வந்த அந்த ஏடும் அதன் வழியில் வந்த பிறவும் இன்று தண்ணீர் புகாத பூட்ஸின் உள்ளே இருக்கின்றன.

ஆனால் நீராவி தானாக வெளியே ஓடாது. உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் நகரும். வியர்த்த பாதத்தின் அருகே 35 டிகிரி வெப்பத்தில் ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். வெளியே சென்னையின் புழுக்கம், 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் அங்கே 3.6 கிலோபாஸ்கல். வித்தியாசம் இரண்டு. ஊட்டியில் 15 டிகிரி, அதே 75 சதவீத ஈரப்பதம் என்றால் வெளியழுத்தம் 1.3 மட்டுமே, வித்தியாசம் நான்குக்கும் மேல். ஒரே பூட்ஸ் மலையில் இரண்டு மடங்கு நன்றாக மூச்சுவிடுகிறது. மழையில் வெளித்தோல் ஊறிவிட்டால் எங்கே இருந்தாலும் வழி அடைபடும்.

எனவே சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி ஓட்டுபவருக்கு, காற்றுத் துளைகள் உள்ள பூட்ஸும் மழைக்குத் தனி உறையும் சரியாக வரும். மலைப்பாதையிலும் மழைக்காலத்திலும் நீண்ட பயணம் போகிறவருக்கே தண்ணீர் புகாத ஏடு கொடுத்த காசுக்கு உழைக்கும்.

எது உழைக்கும்?

தோலின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறு. அவை சேர்ந்து நார்கள். நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிப் படர்ந்து தோல். மேற்பரப்பில் பின்னல் நெருக்கமாக இருக்கும். அடியில் தடித்த நார்கள் தளர்வாகக் கிடக்கும். மேற்பரப்பைச் சீவாமல் அப்படியே பயன்படுத்திய தோல்தான் தேய்ப்பையும் நீரையும் நன்றாகத் தாங்கும். அடி அடுக்கைத் தனியாகப் பிரித்து, மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, தோல் என்றே விற்பதும் உண்டு. அது தொடக்கத்தில் பளபளக்கும்; மடங்கும் இடத்தில் பூச்சு உரியும். பூட்ஸை மடக்கிப் பார்த்தால் அசல் தோலில் மெல்லிய சுருக்கங்கள் ஒழுங்கின்றி விழும். பூச்சில் நேரான மடிப்புக் கோடு விழும்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அதுதான் பதனிடல். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது. இன்று காலணிக்கான தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிடப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழிலும், 1948-இல் தொடங்கிய சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வும் இந்த வேதியியலைச் சுற்றியே வளர்ந்தவை. ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கும். தாவரப் பட்டையில் பதனிட்டது சுமார் 80 டிகிரி வரை தாங்கும். குரோமியத்தில் பதனிட்டது கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். நனைந்த பூட்ஸை அடுப்பருகே காயவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். தோல் தப்பினாலும், அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் பசை தப்பாது.

பூட்ஸின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் தோல் அல்ல, அடிப்பகுதி. விலை குறைந்த, எடை குறைந்த அடிப்பகுதிகள் பலவும் பாலியூரித்தேன் நுரையால் ஆனவை. அதில் எஸ்டர் பிணைப்புகள் உள்ள வகையைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கிறது. அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த அறுப்பை விரைவாக்குகிறது. அதனால்தான் பெட்டிக்குள் பத்திரமாகச் சில ஆண்டுகள் வைத்திருந்த புது பூட்ஸின் அடிப்பகுதி, போட்ட முதல் நாளே உதிர்ந்து கொட்டுகிறது. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தள்ளுபடி விலையில் பழைய சரக்கு கிடைத்தால், தயாரித்த ஆண்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கி வலுவாக்கிய ரப்பருக்கு இந்த நோய் இல்லை. அப்படிப்பட்ட ரப்பரில் ஆழமான பற்களை வார்த்து மலையேற்றப் பூட்ஸுக்கு அடிப்பகுதி செய்தவர் இத்தாலியின் வித்தாலே பிரமானி. 1935-இல் புந்தா ராசிக்கா சிகரத்தில் மோசமான வானிலையில் சிக்கி அவருடைய குழுவினர் ஆறு பேர் இறந்தார்கள். பொருத்தமற்ற காலணியும் அதற்கு ஒரு காரணம் என்று உணர்ந்தவர், 1937-இல் வைப்ரம் அடிப்பகுதியை உருவாக்கினார். மலைப் பூட்ஸ் செய்யும் கை பைக் பூட்ஸ் செய்யவும் பழகிக்கொண்டது. ஆல்பைன்ஸ்டார்ஸ் நிறுவனம் 1963-இல் இத்தாலியின் மலையடிவார ஊரான அசோலோவில் தொடங்கியது இப்படித்தான்.

அடிப்பகுதி எதனால் ஆனது என்பதோடு, எப்படி இணைக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டியது, பசை விட்டால் முடிந்தது. மேல்தோலின் விளிம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடிப்பகுதியைத் தைக்கும் முறைக்கு குட்இயர் வெல்ட் என்று பெயர். தேய்ந்த அடிப்பகுதியைப் பிரித்துப் புதியதைத் தைத்துக்கொள்ளலாம். எடையும் விலையும் கூடுதல்தான். ஆனால் மேல்தோல் நன்றாக இருக்கும்வரை அந்தப் பூட்ஸுக்கு மறுபிறவி உண்டு.

பராமரிப்பு எளிது. நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். தாள் ஊறினால் மாற்றுங்கள். காய்ந்தபின் தோலுக்கான எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள்; நார்களுக்கு இடையே வழுவழுப்பு இருந்தால்தான் மடங்கும்போது வெடிக்காது. ஜிப்பில் மண் சேரவிடாதீர்கள்.

கடையில் நிற்கும்போது

காலுறையோடு இரண்டு கால்களிலும் போட்டு, லேஸையோ ஜிப்பையோ முழுவதும் மூடுங்கள். நுனிவிரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. பூட்ஸை இரு கைகளால் பிடித்துத் துணி பிழிவதைப் போல் முறுக்கிப் பாருங்கள்: எளிதாக முறுகினால் காலையும் முறுகவிடும். அகலமான பகுதியைப் பக்கவாட்டில் அழுத்துங்கள்: கைக்கே நசுங்குவது வண்டிக்கு நிற்காது. கணுக்கால் எலும்புகள் இரண்டும் திண்டுக்குள் அடங்குகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து கியரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி இயக்குங்கள். நிற்கும்போது உறுத்தாத நாக்குப் பகுதி, முழங்காலை மடக்கி உட்காரும்போது முன்காலை அழுத்தக்கூடும்.

பெரிய விலை கொடுக்க முடியாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். செருப்பிலிருந்து, கணுக்காலை மூடும் உறுதியான தோல் பூட்ஸுக்கு மாறுவதே மிகப் பெரிய முன்னேற்றம்; சாதாரண பூட்ஸே ஷூவைவிடக் காயத்தைக் குறைத்ததைக் கான்பெரா ஆய்வில் பார்த்தோம். அதற்கு மேல் தரநிலை எண், அடிதாங்கி, தண்ணீர் புகாத ஏடு எல்லாம் வசதிக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பூட்ஸுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றால், தினமும் போடுவீர்கள் என்று மனதுக்குப் படுவதை வாங்குங்கள். வாங்கியதைக் கடைத்தெருவுக்குப் போகும் ஐந்து நிமிடப் பயணத்திலும் போடுங்கள். ஐந்து நிமிடப் பயணத்தின் சாலையும் அதே தாரால்தான் போடப்பட்டிருக்கிறது.